பழைய தளத்தை வேர்ட்பிரஸுக்கு மாற்றுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையாம்!

எளிமைவிரும்பி:
மின்னூல் திட்டத் தளம் இன்னும் கையால எழுதின எச்டிஎம்எல் கோப்புகளாவே கிடக்கு. ஒரு ஒற்றுப்பிழை திருத்தக்கூட சேவையகத்துல கோப்பு ஏத்துற எஃப்டிபி கடவுச்சொல் உள்ள ஆளைத் தேடணும். வேர்ட்பிரஸ் (உலாவியிலேயே பக்கம் எழுதித் திருத்தற மென்பொருள்) நிறுவுங்க, பழைய பக்கங்களை இறக்குமதி பண்ணுங்க, தலைப்பே முகவரியாயிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. இதுக்கு எதுக்குக் குழு, கூட்டம்?

பிட்டும்பைட்டும்:
"தலைப்பே முகவரியாயிடும்." ஆகா! ஆகும், ஆகும். வேர்ட்பிரஸ் தரவுத்தளத்துல முகவரிக்கு ஒதுக்கின இடம் 200 எழுத்து. தமிழ்க் குறி ஒண்ணு யுடிஎஃப்-8ல (யூனிகோடு எழுத்தை பைட்டாச் சேமிக்கிற முறை) 3 பைட். முகவரியில ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோட சேர்த்து 3 எழுத்தா விரியும். ஆக ஒரு குறிக்கு 9 எழுத்து. மொத்தம் 22 குறிதான் அடங்கும். புள்ளி, கொம்பு, துணைக்கால் எல்லாம் தனித்தனிக் குறி, ஞாபகம் இருக்கட்டும்.

"தொல்காப்பியம் பொருளதிகாரம் அகத்திணையியல்" போட்டுப் பாருங்க. தொல்காப்பியம் மட்டும் 13 குறி, 117 எழுத்து. நடுக்கோடு 1. மிச்சம் 82ல 9 குறி. முகவரி "தொல்காப்பியம்-பொருளதிகா"ன்னு நிக்கும். புறத்திணையியலுக்கும் அதேதான் வரும். ஒரே முகவரி ரெண்டு வரக் கூடாதேன்னு 2 ஒட்டும், அதுக்கு இடம் வேணும்னு துணைக்காலையும் வெட்டி "பொருளதிக-2" ஆக்கும். பொருளதிகாரத்துல இயல் ஒன்பது. எந்த எண் எந்த இயலுக்குன்னு இறக்குமதி வரிசைதான் முடிவு பண்ணும். வரிசை மாத்தி இன்னொரு தடவை இறக்கினா எண்ணும் மாறிடும்.

எளிமைவிரும்பி:
அண்ணே, முகவரியைக் கையால மாத்த அங்கேயே ஒரு பெட்டி இருக்கு. பார்த்ததில்லையா?

பிட்டும்பைட்டும்:
ஒவ்வொரு பக்கமாத் திறந்து கையால மாத்துறதுக்குப் பேர் ஞாயிற்றுக்கிழமை வேலையா? சரி, எந்த மாசத்து ஞாயிறுன்னு சொல்லுங்க. 22 குறி. இதுக்குப் பதில் சொல்லிட்டு மத்ததைப் பேசுங்க.

நிலைத்தளம்:
தரவுத்தளமே எதுக்கு? ஹ்யூகோவுல (உரைக்கோப்பை நேரா எச்டிஎம்எல் பக்கமா ஆக்கித் தர்ற கருவி) போடுங்க. பக்கம் எல்லாம் வெறும் உரைக்கோப்பு, முகவரி நாம வைக்கிறதுதான். உடைக்க வர்றவனுக்கு உள்நுழைவுப் பக்கமே கிடையாது. வாராவாரம் செருகி (தளத்துல கூடுதலாச் சேர்க்கிற நிரல்) புதுப்பிக்கிற தலைவலியும் இல்ல.

மெய்ப்புப்பார்வை:
தோழர், பிழை திருத்தற எங்களுக்கு அந்த உரைக்கோப்பு மாற்றத்தைப் பதிஞ்சு அனுப்புற கிட் கருவியை யாரு சொல்லித் தர்றது? போன தடவை "ரொம்பச் சுலபம்"னு சொன்னதும் நீங்கதான். அப்புறம் ஆளைக் காணோம்.

முகவரிச் சண்டைக்கு முன்னாடி உள்ளே இருக்கிற எழுத்தைப் பாருங்க. பழைய பக்கங்கள்ல நிறைய டிஸ்கி, அதாவது யூனிகோடு பரவறதுக்கு முன்னாடி புழங்கின தமிழ்க் குறியாக்கம். அதுல கொம்பு முதல்ல, மெய் அப்புறம், கால் கடைசின்னு கண்ணுக்குத் தெரியற வரிசையில இருக்கும். யூனிகோடுல மெய்தான் முதல்ல. வெறும் "தேடி மாற்று" போட்டா கொம்பெல்லாம் முந்தின எழுத்தோட ஒட்டிக்கும். லினக்ஸ்ல குறியாக்கம் மாத்துற ஐகான்வ் கருவிக்கு டிஸ்கி தெரியும், வரிசையையும் அதுவே மாத்தும். ஆனா கோப்புவாரியா ஓட்டணும். ஏற்கெனவே யூனிகோடுல இருக்கிற கோப்பையும் சேர்த்து ஓட்டினா அது குப்பையாயிடும்.

இன்னொண்ணு: "கொ"வுல வர்ற ஒகரக்குறியை ஒரே குறியாவும் எழுதலாம், கொம்பு தனி கால் தனியாவும் எழுதலாம். பார்க்க ஒண்ணு, தேடினா வேற. எல்லாத்தையும் என்எஃப்சி (ஒரே குறியாச் சேர்த்து எழுதற) வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் இறக்கணும்.

பிட்டும்பைட்டும்:
நல்லா எடுத்துக் கொடுத்தீங்க! கொம்பும் காலும் பிரிஞ்சிருந்தா 9 எழுத்து கூடுதல். 22லயும் ஒண்ணு போச்சு.

எளிமைவிரும்பி:
அந்த 22ஐச் சட்டம் போட்டு மாட்டிக்கோங்க. முகவரியை ஆங்கில எழுத்துல வெச்சா கதை முடிஞ்சுது.

திண்ணைக்குரல்:
தமிழ்நூல் திட்டம், ஆங்கில முகவரி. வாழ்க! அந்த "தொ"வுக்கு டி மட்டுமா, டிஎச்சா? அதுக்கும் ஒரு குழு போடுவீங்களா?

எளிமைவிரும்பி:
ஐயா, தமிழ் முகவரியை வாட்ஸப்புல ஒட்டிப் பாருங்க. பாதித் திரைக்குச் சதவீதக் குறிதான் வரும். அதுல எங்க இருக்கு தமிழ்?

பிட்டும்பைட்டும்:
ஆங்கிலமோ எண்ணோ, பட்டியலை இறக்குமதிக்கு முன்னாடியே போடணும். ஒரு பத்தியில பழைய முகவரி, அடுத்ததுல புதுசு, ஒரு பக்கத்துக்கு ஒரு வரி. அதை வெச்சு 301 விதி (பழைய முகவரிக்கு வர்றவரை நிரந்தரமாப் புதுசுக்குத் திருப்பற விதி) எழுதணும். விதியை சேவையகத்தோட எச்டிஅக்சஸ் அமைப்புக் கோப்புல வேர்ட்பிரஸ் தன் பேர் போட்டு வெச்சிருக்கிற பகுதிக்கு மேல எழுதுங்க. உள்ளே எழுதினா, நிலைமுகவரி அமைப்பை யாராவது சேமிச்ச உடனே அழிஞ்சிடும். சதவீதக் குறி உள்ள முகவரிக்குத் திருப்பினா விதியில என்இ கொடி (சதவீதக் குறியை மறுபடி மாத்தாதேன்னு சொல்ற குறிப்பு) வேணும், சதவீதக் குறிக்கு முன்னாடி சாய்கோடும் வேணும். கொடி இல்லாட்டி ஒவ்வொரு சதவீதக் குறியும் சதவீதம்-25 ஆகி, பக்கம் இல்லைன்னு 404தான் வரும். பழைய கோப்பை அதே அடைவுல விட்டுட்டு "புதுப் பக்கம் வரலையே"ன்னு கேக்காதீங்க. கோப்பு நிஜமா இருந்தா வேர்ட்பிரஸ் வரைக்கும் கோரிக்கையே போகாது.

சோதனைத் தளத்துலேர்ந்து நிஜத்தளத்துக்குக் கொண்டுவர்றப்போ டொமைன் பேரை எஸ்க்யூஎல்ல (தரவுத்தளக் கட்டளை மொழி) நேரா மாத்தவும் கூடாது. விட்ஜெட் (பக்க ஓரத்துப் பெட்டி) அமைப்புல ஒவ்வொரு சரத்தோட (எழுத்துத்தொடர்) பைட் நீளமும் சேர்த்துத்தான் எழுதியிருக்கும். நீளம் பொருந்தலைன்னா விட்ஜெட் காணாமப் போகும். டபிள்யூபி-சிஎல்ஐயில (வேர்ட்பிரஸோட கட்டளைவரிக் கருவி) இருக்கிற தேடி-மாற்று கட்டளையை ஓட்டுங்க.

நிலைத்தளம்:
இவ்வளவும் பண்ணினாதான் ஓடும்னு நீங்களே சொல்றீங்க. ஹ்யூகோவுல பழைய முகவரியைப் பக்கத் தலைப்பகுதியிலயே ஒரு வரி எழுதினாப் போதும்.

பிட்டும்பைட்டும்:
அது 301 இல்ல தம்பி. பழைய முகவரியில ஒரு வெத்துப் பக்கத்தை வெச்சு அங்கேர்ந்து தள்ளிவிடுறது. ரெண்டும் ஒண்ணுன்னு இன்னொரு இழையிலயும் அடிச்சுப் பேசினீங்க.

நிலைத்தளம்:
படிக்கிறவர் சரியான பக்கத்துக்குப் போறாரா இல்லையா? போறார். அந்த இழையிலயும் இதைத்தான் சொன்னேன், அப்பவும் நீங்க காதுல வாங்கலை.

திண்ணைக்குரல்:
எல்லாம் சரி, டொமைன் யார் பேர்ல இருக்கு? தளம் புதுச் சேவையகத்துக்குப் போகணும்னா டிஎன்எஸ் (டொமைன் பேரைச் சேவையகத்தோட இணைக்கிற பதிவு) மாத்தியாகணும். அந்தக் கணக்கு வெச்சிருக்கிறவர் இங்கேயே 22, 22ன்னு எண்ணிட்டு இருக்கார்.

பிட்டும்பைட்டும்:
புதுப்பிப்புக் கட்டணத்துல ஒரு ரூபா போடாதவங்க இதைக் கேக்க வேணாம். பட்டியல் வரட்டும், டிஎன்எஸ் மாத்தறேன்.

எளிமைவிரும்பி:
டிஎன்எஸ் கைக்கு வரட்டும், பட்டியல் தர்றேன்.