புதுப்பிப்பு: கல்லடி வீட்டு ஏசியின் குளிர் ஏன் குறைந்தது

மட்டக்களப்பு கல்லடியில் கடற்கரையோர வீடு, ஏசி வாங்கி 3 வருடம்தான், ஒவ்வொரு வருடமும் குளிர் குறைந்து, குளிரூட்டும் காஸ் அடிக்க வேண்டியிருக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. காரணம் பிடிபட்டுவிட்டது.

காஸ் பெட்ரோல் போலத் தீர்ந்துபோகிற சாமான் இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுவது. குறைந்தால் எங்கோ கசிகிறது. திருத்த வந்த தம்பி சவர்க்கார நுரை பூசிப் பார்த்தார். வெளி யூனிட்டில் ஒரு மூட்டில் குமிழி வந்தது. பக்கத்திலிருந்த அலுமினியத் தகடுகள் தொட்டாலே உதிர்ந்தன. செம்பும் அலுமினியமும் சேரும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் அலுமினியம்தான் முதலில் அரிபடும். இத்தனை நாளும் கசிவைத் தேடாமல் காஸை மட்டும் நிரப்பியதை நினைத்தால் மனம் வேகிறது.

இப்போது மாதம் ஒருமுறை, மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, வெளி யூனிட்டைக் குழாய்த் தண்ணீரால் மெதுவாகக் கழுவுகிறேன். உவர்ப்புக் கிணற்று நீர் வேண்டாம். வேகமாகப் பீச்சவும் கூடாது, தகடு வளைந்துவிடும். உள்ளே இருக்கும் பில்டரை 2 வாரத்துக்கு ஒருமுறை கழுவுகிறோம். அப்புறம், 18 பாகையில் போடுவதை விட்டு 26 பாகையில் வைத்து மின்விசிறியையும் போடுகிறோம். வெக்கையான கச்சான் காற்று வீசும் நாளிலும் பிள்ளைகள் நன்றாகத் தூங்குகிறார்கள்.

யூனிட்டைக் கடல் பக்கச் சுவரிலிருந்து வாவிப் பக்கம் மாற்றும் வேலை மட்டும் மிச்சம். வாடைக்காற்று தொடங்குமுன் முடிக்க வேண்டும்.