லுச்சி ஏன் பூரி மாதிரி சிவந்துபோகிறது?

அடுப்படி:
வங்காள லுச்சிக்கு (மைதாவில் பொரிக்கும் வெள்ளைப் பூரி) 250 கிராம் மைதா, ஒரு டீஸ்பூன் நெய், ஒரு டீஸ்பூன் சர்க்கரை, உப்பு என்பது கணக்கு. உப்புகிறது, ஆனால் வெள்ளையாக வரவில்லை, ஆறினால் தோல் மாதிரி இழுக்கிறது. துர்கா பூஜை அஷ்டமிக்குச் செய்யணும். எங்கே தப்பு?

கருஞ்சீரகம்:
சர்க்கரையை விடுங்க. பூரி சிவக்கணும்னு போடுறது அது, லுச்சிக்கு ஆகாது. இழுப்பதற்குக் காரணம் நெய் பத்தாதது. இந்த அளவுக்கு 2 மேசைக்கரண்டி நெய் வேணும், தண்ணீர் விடும் முன்பே விரல் நுனியால் மாவில் தேய்க்கணும். வங்காளிகள் 'மொயான்' என்பது இதைத்தான். ஒரு பிடி மாவை இறுக்கினால் பிடிகொழுக்கட்டை மாதிரி நிற்கணும், தட்டினால் உதிரணும். நெய் அதற்கு மேல் போனால் உப்பாது. நிம்கி (மைதாவில் பொரிக்கும் மொறுமொறு காரப் பலகாரம்) மாதிரி மொறுமொறுத்துவிடும்.

வெதுவெதுப்பான தண்ணீர் 120 மி.லி. போதும், கொஞ்சம் கொஞ்சமாக. பத்து நிமிஷம் பிசைந்து, ஈரத்துணி மூடி அரைமணி நேரம் விடுங்க.

வாணலி:
மாவு தூவித் தேய்க்கிறீங்களா? அந்த மாவுதான் எண்ணெயில் கருகி, அடுத்தடுத்த லுச்சியில் புள்ளியாக ஒட்டும். எண்ணெய் தொட்டுத் தேய்ங்க. 20 கிராம் உருண்டை, 4-5 அங்குல வட்டம், நடுவும் ஓரமும் ஒரே கனம். ஓரம் தடித்தால் ஒரு பக்கம் மட்டும் எழும்பும்.

ஒரு துளி மாவைப் போட்டால் சட்டென மேலே வரணும், உடனே நிறம் மாறினால் சூடு அதிகம். லுச்சியைப் போட்டு ஜல்லிக்கரண்டியால் மெல்ல அமுக்குங்க; பந்தாக எழும்பியதும் திருப்பி, ஐந்தாறு நொடியில் எடுத்துடணும். பொன்னிறத்துக்குக் காத்திருந்தால் அது பூரிதான்.

அடுப்படி:
நன்றி. அஷ்டமிக்குத் தொட்டுக்க என்ன?

கருஞ்சீரகம்:
பல வீடுகளில் அன்று சோறு கிடையாது, லுச்சிதான் சாப்பாடு. கூட 'சோலார் டால்': கடலைப்பருப்பு குழையாமல் வெந்திருக்கணும், நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல்லு, உலர் திராட்சை, கொஞ்சம் இனிப்பு. வெங்காயம், பூண்டு வேண்டாம். வறுத்த கத்தரிக்காயும் சேரும். சாதாரண ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கு என்றால், கருஞ்சீரகமும் பச்சைமிளகாயும் தாளித்து, மஞ்சள்தூள் போடாத வெள்ளை உருளைக்கிழங்குதான் லுச்சிக்கு அசல் ஜோடி.

வாணலி:
இது கைவந்தபின் ராதாபல்லபி (பூரணம் வைத்த லுச்சி) செய்யலாம். உளுந்தை ஊறவைத்து அரைத்து, இஞ்சி, சோம்பு, பெருங்காயத்தோடு வாணலியில் ஈரம் வற்றும்வரை கிளறி உள்ளே வைப்பது. பூரணம் ஈரமாக இருந்தால் தேய்க்கும்போதே கிழியும், அந்த ஓட்டை வழியாக எண்ணெய் ஏறிவிடும்.