நீச்சல் குளத்துக்கு எஸ்டபிள்யூஆர் பைப் போடலாமா?

கேள்வி (முட்டுக்காடு வீடு):
ஈசிஆரில் வீட்டுக்குப் பின்னால் 8 மீட்டருக்கு 4 மீட்டர், சராசரி 1.4 மீட்டர் ஆழத்தில் குளம் கட்டுகிறோம். கம்பி கட்டி முடிந்தது, அடுத்த வாரம் கான்கிரீட். பாத்ரூம் வேலையில் மிஞ்சிய எஸ்டபிள்யூஆர் (கழிவுநீர்) பைப்பையே அடியில் போட்டுவிடலாம், தரையில் ஒரே ஒரு மெயின் டிரெயின் (பம்பு தண்ணீரை இழுக்கும் வாய்) போதும் என்கிறார் பிளம்பர். சரிதானா?

பதில் (சைட் எஞ்சினியர்):
வேண்டவே வேண்டாம். அது சரிவில் தானாக ஓடும் கழிவுநீருக்கான பைப், மோட்டார் அழுத்தத்துக்கு இல்லை. ஐஎஸ் 4985 (இந்தியத் தர எண்) என்று அச்சிட்ட பிவிசி பிரஷர் பைப், சதுர செ.மீ.க்கு 10 கிலோ அழுத்தம் தாங்கும் கிளாஸ் வாங்குங்கள். உங்கள் குளம் சுமார் 45 கன மீட்டர், 6 மணி நேரத்தில் முழுத் தண்ணீரும் ஒரு தடவை பம்பு வழியே சுற்றி வர வேண்டும் என்றால் மணிக்கு 7.5 கன மீட்டர், 63 மி.மீ. பைப்பில் அது நொடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில்தான் போகும், உறிஞ்சும் பக்கம் 1.8 தாண்டக் கூடாது என்பதால் தாராளம். சட்டென்று திரும்பும் எல்போவைக் குறைத்து, மெதுவாக வளையும் லாங் பெண்ட் போடச் சொல்லுங்கள். முக்கியமாக, வாய்களை அடைத்துத் தண்ணீர் ஏற்றி, கேஜ் (அழுத்தம் காட்டும் மீட்டர்) மாட்டி, 2 கிலோ அழுத்தத்தில் ஒரு நாள் விட்டுப் பாருங்கள். கான்கிரீட் கொட்டும்போதும் கேஜைக் கழற்றாதீர்கள், வைப்ரேட்டர் பட்டுப் பைப் உடைந்தால் முள் உடனே இறங்கும், அப்போதே சரிசெய்துவிடலாம்.

பதில் (இரண்டு பிள்ளைகளின் அம்மா):
ஒற்றை டிரெயினுக்குச் சம்மதிக்காதீர்கள். குழந்தையின் முடியோ உடம்போ அதை மூடினால் பம்பின் மொத்த இழுப்பும் அங்கேதான், பெரியவர் பிடித்து இழுத்தாலும் வராது. அமெரிக்காவில் இப்படிக் குழந்தைகள் இறந்த பிறகு 2007ல் சட்டமே போட்டார்கள். குறைந்தது 0.9 மீட்டர் இடைவெளியில் இரண்டு டிரெயின், இரண்டையும் டீ (T வடிவ இணைப்பு) போட்டுச் சேர்த்து பம்புக்கு, மேலே குவிந்த மூடி. தயவுசெய்து இதில் காசு பார்க்காதீர்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. பைப்பும் மாற்றுகிறோம், டிரெயினும் இரண்டு. சுவரில் பைப் நுழையும் இடம் கசியாதா?

பதில் (சைட் எஞ்சினியர்):
வழவழப்பான பிவிசியைக் கான்கிரீட் பிடிக்காது, அதனால் ஒவ்வொரு இடத்திலும் படில் ஃபிளாஞ்ச் (பைப்பைச் சுற்றி நீர் கசியாமல் தடுக்கும் வளையம்) மாட்டியே கான்கிரீட் போட வேண்டும். அப்புறம் இன்னொன்று, உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும், அந்த நேரத்தில் குளத்தைக் காலி செய்தால் முழுக் குளமும் படகு மாதிரி மேலே கிளம்பும். தரையில் ஹைட்ரோஸ்டேடிக் வால்வு (அடியில் அழுத்தும் நிலத்தடி நீரைக் குளத்துக்குள் விட்டு அழுத்தத்தைக் குறைப்பது) வைக்க இடம் விட்டிருக்கிறார்களா என்று நாளைக்கே பாருங்கள்.