பழைய பத்மினியைக் கிராமப்புறக் கூட்டுப் பயணத்திற்கு எடுத்துச் செல்லலாமா?

மஞ்சக்குப்பம் பத்மினி:
அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 1978-இல் வாங்கிய பிரீமியர் பத்மினியை இன்றும் ஓட்டிவருகிறேன். ஆனால் பல ஆண்டுகளாக அது கடலூரிலிருந்து புதுச்சேரி வரையிலான 22 கிலோமீட்டரைத் தாண்டியதில்லை. பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் சேர்ந்து, வரும் தை மாதம் புதுச்சேரியில் புறப்பட்டு, பாகூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி வழியாகத் திருக்கோவிலூர் சென்று தங்கி, மறுநாள் விழுப்புரம் வழியே திரும்பும் பயணம் ஒன்றை ஏற்பாடு செய்கிறார்கள். சென்ற சித்திரையில் தவளக்குப்பம் சந்திப்பில் நெரிசலில் நின்றபோது இன்ஜின் அணைந்து, அரைமணி நேரம் கிளம்பவே இல்லை. அந்த அனுபவத்திற்குப் பிறகு துணிந்து போகலாமா, போவதானால் எதைச் சரிசெய்ய வேண்டும், சட்டப்படி ஏதேனும் தடை உண்டா என்று அறிய விரும்புகிறேன்.

பாகூர் அம்பாசிடர்:
தாராளமாகப் போகலாம் ஐயா. அரைமணி ஆறவிட்டதும் தானாகக் கிளம்பியது என்றால், பெரும்பாலும் அது வேப்பர் லாக்தான். இன்ஜினோடு ஒட்டியிருக்கும் ஏசி பம்ப்பும் (டேங்க்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்ப்; குளிர்சாதனம் அல்ல) பெட்ரோல் குழாயும் சூடேறி, உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடுவதால், பம்ப்பால் அதை உறிஞ்சி கார்புரேட்டருக்கு அனுப்ப முடிவதில்லை. ஈரத்துணியைப் பம்ப்பின் மீது போட்டுக் காத்திருப்பது வழியில் செய்யும் வைத்தியம். நிலையான தீர்வு, குழாயைச் சைலன்சர் பக்கத்திலிருந்து விலக்கிக் கட்டி, ரேடியேட்டரை முழுமையாகச் சுத்தம் செய்து, தெர்மோஸ்டாட்டையும் ஃபேன் பெல்ட்டையும் புதிதாக மாற்றுவது.

இதைவிட எனக்குக் கவலை தருவது இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். நம் வண்டிகளின் ரப்பர் குழாய்களும் பம்ப்பின் டயஃப்ரமும் (உள்ளே இருக்கும் சவ்வு) அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊறி, வெடித்து, சூடான இன்ஜின் மீது பெட்ரோல் கசிந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதால், மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்க்கில் துருவும் பிடிக்கும். ஆகவே எத்தனால் தாங்கும் குழாய்களைப் போட்டு, டேங்க்கைக் கழுவி, பயணத்திற்கு முன் குறைந்தது 200 கிலோமீட்டராவது உள்ளூரிலேயே ஓட்டிப் பாருங்கள். என் வண்டியில் குழாயை மாற்றத் தள்ளிப்போட்டு, திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குப் போன ஒரு காலைப் பொழுதைக் கசிவோடு கழித்தேன்; பெட்ரோல் வாடையை அலட்சியப்படுத்தவே கூடாது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

வில்லியனூர் ஹெரால்டு:
சட்டம் பற்றிச் சொல்கிறேன். 2021-இல் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, மூல வடிவம் மாறாத வண்டிதான் விண்டேஜ் என்று பதிவாகும். அப்படிப் பதிவானவை கண்காட்சி, விண்டேஜ் ராலி போன்றவற்றிற்கும், எரிபொருள் நிரப்பவும், பராமரிப்புக்குமே சாலையில் வரலாம் என்பதால், 50 கடந்த என் ஹெரால்டு கார் போன்றவை வரும்போது ஏற்பாட்டாளரின் கடிதம் கையில் இருப்பது நல்லது. உங்களுடையதற்கு இன்னும் 50 ஆகவில்லை, ஆர்.சி.யும் தகுதிச் சான்றும் காப்பீடும் மாசுச் சான்றும் நடப்பில் இருந்தாலே போதும்.

ஒன்றை மட்டும் ஏற்பாட்டாளர்களிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். தனியார் கார் காப்பீட்டில் பந்தயம், வேகச் சோதனை, நம்பகத்தன்மைப் போட்டி ஆகியவை விலக்கப்பட்டிருக்கும். குறித்த நேரத்தில் குறித்த இடத்தை அடைந்தால் புள்ளி, பரிசு என்று யாராவது ஆர்வத்தில் சேர்த்துவிட்டால், விபத்து நேரும்போது நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக்கூடும். வெறும் கூட்டுப் பயணமாகவே இருக்கட்டும்.

பண்ருட்டி முந்திரித்தோப்பு:
தை மாதம் நெல்லிக்குப்பம் சாலையில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் நிறைய வரும். அவற்றின் பின்னால் ஊர்ந்து போகும்போது ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்காது. முந்தத் துடிப்பதைவிட, ஓரமாக நிறுத்தி ஆறவிடுவதே நல்லது. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் என்பதால் முன்வண்டிக்கு நிறைய இடைவெளி விடுங்கள், அண்ணா. விடியற்காலையில் புறப்பட்டால் பனிமூட்டம் கலைவதற்குள் பாகூர் ஏரிக்கரையைப் பார்த்துவிடலாம்.

மஞ்சக்குப்பம் பத்மினி:
மூவருக்கும் நன்றி. குழாய்களையும் டயஃப்ரத்தையும் இந்த வாரமே மாற்றக் கொடுக்கிறேன். நேரப் புள்ளி வைக்கும் யோசனை உண்மையிலேயே எங்கள் குழுவில் பேசப்பட்டது; அதைக் கைவிடச் சொல்லி இன்றே எழுதுகிறேன்.