ரெசின் ரோபோ கிட்: பெட்டியைப் பிரித்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

அஸ்தம்பட்டி உறுப்பினர்:

மெக்கா ரோபோக்களின் (கதைகளில் வரும் ராட்சத இயந்திர வீரர்கள்) ரெசின் கிட், அதாவது ரெசின் என்ற பிளாஸ்டிக்கில் செய்த துண்டுகளை நாமே சேர்த்துக் கட்டும் மாடல், வாங்கியவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதுங்கள். நானே தொடங்கிவைக்கிறேன்.

போன சித்திரையில் 1/100 அளவில் ஒன்று வந்தது. கதையில் 18 மீட்டர் நிற்கும் இயந்திரம், மேசையில் 18 சென்டிமீட்டர். விற்றவர் அனுப்பிய படங்கள் எல்லாமே மார்புக் கவசத்தைக் காட்டின. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தோள் மூட்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான் சங்கதி தெரிந்தது. ரெசினை ஊற்றி வார்த்த அச்சின் இரண்டு பாதிகளும் விலகி நின்றிருக்கின்றன. உருண்டையாக இருக்க வேண்டிய மூட்டின் நடுவே நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஒரு படி. அதை அராவினால் மூட்டு சிறுத்துக் கை தொங்கும்; அராவாவிட்டால் குழிக்குள் போகாது.

துப்பாக்கிக் குழலும் வளைந்திருந்தது. ஆனால் அதற்கெல்லாம் விற்றவரோடு சண்டை போடத் தேவையில்லை. சேலத்து வெயிலில் பார்சல் வண்டிக்குள் கிடந்தால் மெல்லிய துண்டு வளையத்தான் செய்யும். வெந்நீரில் சிறிது நேரம் போட்டு, நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் நேராகிவிடும். திருத்த முடிகிற குறையையும் திருத்த முடியாத குறையையும் ஒரே தட்டில் வைத்து மதிப்பெண் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. மூட்டு, குழி, இரண்டு துண்டுகள் சேரும் முகம்: இவை சரியாக இருந்தால்தான் மற்றதைப் பார்ப்பேன்.

செவ்வாய்ப்பேட்டை உறுப்பினர்:

ரோபோ பிடிப்பது என் மகனுக்கு. எனக்குத் தொழில் வெள்ளி. வார்ப்பு வேலை பழக்கம். அவன் வாங்கும் துண்டுகளை என்னிடம் நீட்டுவான், நான் பட்டறை லென்ஸை வைத்துப் பார்ப்பேன்.

தம்பி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். குழி வேறு, மேடு வேறு. பரப்பில் குழி இருந்தால் ரெசின் ஊற்றும்போது காற்று சிக்கியிருக்கிறது என்று பொருள். புட்டி என்ற நிரப்பும் பசையை வைத்து அடைத்துவிடலாம். இருக்கக்கூடாத இடத்தில் சின்ன மேடு இருந்தால் குறை அச்சில் இருக்கிறது. சிலிகோன் அச்சு நெடுநாள் உழைக்காது. சில பத்து வார்ப்புகளிலேயே விளிம்பு பிய்யத் தொடங்கும். பிய்ந்த இடத்தில் ரெசின் நிரம்பி மேடாக வரும். தட்டையான கவசத்தில் என்றால் சீவிவிடலாம். கவசத் தகடுகளைப் பிரித்துக் காட்டும் கோட்டின் மேலேயே விழுந்தால் அந்தக் கோட்டைப் புதிதாகக் கீற வேண்டியதுதான்.

மகன் ஒரு கையை மட்டும் வேறொருவரிடம் மலிவாக வாங்கினான். பழைய கையின் பக்கத்தில் வைத்தேன். ஆணித் தலைகள் மழுங்கியிருந்தன, கோடுகள் ஆழமற்றிருந்தன. வெர்னியர் காலிபரை வைத்ததும் எல்லாப் பக்கமும் சற்றுச் சிறியது. விற்பனைக்கு வந்த கிட்டையே மூலமாக வைத்து அச்சு எடுத்து வார்த்தால் அப்படித்தான் சுருங்கும். விலை குறைந்ததற்குக் காரணம் அதுதான். அசலைச் செதுக்கியவனுக்கு அதில் ஒரு காசும் போகாது என்பது தனிக் கதை.

ஏற்காடு உறுப்பினர்:

அண்ணன் சொன்ன குழியைப் பற்றி ஒரு வார்த்தை. நான் உடைந்த துண்டுகளுக்கு மாற்று வார்ப்பவன். (கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் ஏறி வரும் பார்சலில் ஆன்டெனா முழுசாக இருந்தால் அன்றைக்கு நல்ல நாள்.) பாலியூரித்தேன் ரெசினில் கலக்கும் இரண்டு திரவங்களில் ஒன்றில் ஐசோசயனேட் இருக்கிறது. ஈரம் பட்டால் அது கரியமில வாயுவை வெளிவிடும். ஐப்பசி மூடுபனியில் டப்பாவைத் திறந்து வைத்தால் போதும், வார்ப்பின் உள்ளே முழுக்க நுரை. வெளித்தோல் மட்டும் வழவழவென்று இருக்கும். உப்புத்தாளால் கொஞ்சம் தேய்த்ததும் ஊசித்துளைகள் வரிசையாக வாய் திறக்கும். ஒன்றை அடைத்தால் பக்கத்தில் இரண்டு.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி உண்டு. ரெசின் ஊற்றிய வாயில் ஒட்டிக்கொண்டிருக்கும் தண்டை எப்படியும் வெட்டி எறியத்தான் போகிறோம். அதை முதலில் வெட்டி, வெட்டு முகத்தை லென்ஸில் பாருங்கள். அது ரொட்டி மாதிரி இருந்தால், துண்டைத் தொடாமல் அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சூரமங்கலம் உறுப்பினர்:

நீங்கள் மூவரும் பேசுவது அச்சில் வார்த்த கிட்களைப் பற்றி. இப்போது என் கைக்கு வருவதில் பெரும்பாலானவை புற ஊதா ஒளியில் இறுகும் ரெசினில் முப்பரிமாண அச்சுப்பொறி செய்தவை. அச்சுப் பாதிகள் விலகும் பேச்சே அங்கில்லை. சிக்கல் தட்டையான கவசத்தில். ஒரு அடுக்கு 0.05 மில்லிமீட்டர்தான் என்றாலும், சாய்ந்த பரப்பில் டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் அடித்தால் படிக்கட்டு தெரிந்துவிடும். மனித உருவத்தில் துணி மடிப்பு அதை மறைக்கும். ரோபோவில் ஒளிய இடமில்லை.

தொட்டதும் பிசுபிசுத்தால் முழுதாக இறுகவில்லை. கையுறை இல்லாமல் தொடாதீர்கள், தோலில் ஒவ்வாமை வரும். தொடை, கால் போன்ற பெரிய துண்டுகள் உள்ளே வெற்றிடமாக இருந்தால் உள்ளே தங்கும் இறுகாத ரெசின் வெளியேற வடிதுளை இருக்கிறதா என்று தேடுங்கள். என்னிடம் இருந்த ஒன்றில் இல்லை. உள்ளே தங்கிய திரவம், வண்ணம் பூசி அலமாரியில் வைத்த பிறகு, முழங்காலைப் பிளந்துகொண்டு கசிந்தது. அதை எந்தக் கணக்கிலும் திருத்த முடியாது, அஸ்தம்பட்டி நண்பரே.

அஸ்தம்பட்டி உறுப்பினர்:

ஒப்புக்கொள்கிறேன், வடிதுளையும் என் பட்டியலில் ஏறுகிறது. இனி பணம் கட்டும் முன், மூட்டுக் குழியும் ஊற்றுத் தண்டும் தெரியும்படி படம் கேட்கப் போகிறேன். அண்ணனிடம் ஒரு கேள்வி: வார்த்த துண்டில் பிரைமர் (வண்ணத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு) தோல் தோலாக உரிகிறது. ரெசினே மட்டமா?

செவ்வாய்ப்பேட்டை உறுப்பினர்:

ரெசின்மேல் பழி போடாதீர்கள். துண்டு அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வர எண்ணெய்ப் பசையாக ஒன்றைத் தடவுவார்கள், அது ஒட்டிக்கொண்டிருக்கும். பாத்திரம் துலக்கும் சோப்பு, வெதுவெதுப்பான நீர், பழைய பல் துலக்கி. கோடுகளுக்குள்ளும் தேயுங்கள். தேய்க்கும் உப்புத்தாளையும் நனைத்தே பயன்படுத்துங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.