காரை முதல் கல்லமேடு வரை: பாறை அடுக்குகளோடு எங்கள் அனுபவங்கள்

முதல் பதிவு: நிலவியல் ஆசிரியர், திருச்சி

முதுகலை இரண்டாம் ஆண்டில் களப்பயிற்சிக்காக எங்களைப் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்துக்கு அழைத்துச் சென்றார்கள். ஊரைத் தாண்டியதும், மழைநீர் அரித்து அரித்து ஓடைகளாகவும் மேடுகளாகவும் பிளந்து போட்ட களிமண் நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை விரிகிறது. ஒரு புல்லுக்கும் அங்கே வேர்பிடிக்க மனமில்லை. சரிவுகளில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் ஜிப்சம் நரம்புகள் வெயிலில் கண்ணாடித் துண்டுகளைப்போல மின்னும். ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடலடிச் சேறாக இருந்தது.

போய்ச் சேர்ந்த அரை மணி நேரத்தில் என் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அம்மோனைட் (சுருள் ஓட்டோடு கடலில் வாழ்ந்து அழிந்துபோன உயிரியின் புதைபடிவம்) கிடைத்தது. பாட்டியின் பூசையறையில் இருந்த சாளக்கிராமத்தில் பார்த்த அதே சுருள்தான். நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து வரும் சாளக்கிராமங்களும் அம்மோனைட்டுகளே, ஆனால் காரையில் கிடைப்பவற்றைவிட மூத்தவை. கல்லைத் தூக்கிக்கொண்டு பேராசிரியரிடம் ஓடினேன். அவர் அதை வாங்கிக்கூடப் பார்க்காமல், "எந்த அடுக்கிலிருந்து எடுத்தாய்?" என்று கேட்டார். நான் பொதுவாக அந்தச் சரிவைக் காட்டினேன். "அடுக்கில் பதிந்து கிடந்ததா, மேலிருந்து உருண்டு வந்து கிடந்ததா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "அப்படியானால் இது அழகான கல், அவ்வளவுதான். நீயும் பூசையறையில் வைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

அன்று இரவு முழுக்க எனக்குக் கோபம். மறுநாள் காலையில் ஓடையின் அடிப்பகுதியில் என்னை நிறுத்தி, அளவு நாடாவையும் அடுக்கின் சாய்வை அளக்கும் பிரண்டன் திசைகாட்டியையும் கையில் கொடுத்து, கீழிருந்து மேலாக ஒவ்வொரு அடுக்கின் தடிமனையும் சாய்வையும் நிறத்தையும் மணல் அளவையும் குறிக்கச் சொன்னார். மூன்று நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் மாலையில்தான் அவர் கேட்ட கேள்வியின் நியாயம் புரிந்தது. ஓர் அம்மோனைட் இனம் கடலெங்கும் பரவி வாழும், ஆனால் நெடுங்காலம் நீடிக்காது. ஆகவே எந்த அடுக்கில் எந்த இனம் கிடக்கிறது என்று தெரிந்தால் அந்த அடுக்கின் வயதைச் சொல்லிவிடலாம். காரைக் களிமண்ணின் அடியில் கிடக்கும் இனங்கள் உச்சியில் இல்லை. இடையில் பல பத்து லட்சம் ஆண்டுகள் கடந்திருக்கின்றன. சரிவில் உருண்டு கிடக்கும் கல்லுக்கு அந்தச் சாட்சியத்தைச் சொல்ல வழியில்லை. மழையில் கழுவப்பட்டு ஓடைப்படுகையில் குவிந்து கிடக்கும் பெலம்னைட்டுகளும் (கணவாய் போன்ற, அழிந்துபோன கடல் உயிரிகளின் புதைபடிவங்கள்) அப்படித்தான். பென்சில் முனைபோலக் கூர்மையான அவற்றை அங்கிருந்த சிறுவர்கள் துப்பாக்கிக் குண்டு என்று சொல்லி எங்களிடம் கை நிறைய அள்ளிக் கொடுத்தார்கள். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டோம், ஆய்வுக்கு ஒன்றுகூட உதவவில்லை.

இந்த வட்டாரத்தின் வசதி என்னவென்றால், படிவுப்பாறைகள் கிழக்கு நோக்கி மென்மையாகச் சாய்ந்திருக்கின்றன. மேற்கே நைஸ் எனப்படும் மிகப் பழைய உருமாறிய பாறையின் விளிம்பில் தொடங்கிக் கிழக்கே நடந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இளைய அடுக்கின்மேல் காலை வைத்துக்கொண்டே போகலாம். ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று இவற்றை மூன்று தொகுதிகளாக இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு பிரித்து 1862-இல் வெளியிட்டார். இன்றும் நாங்கள் அந்தப் பெயர்களிலேயே பேசுகிறோம். அவருக்கு முன்பே, 1846-இல், இங்கிருந்து கேயும் கன்லிஃபும் சேகரித்து அனுப்பிய சிப்பிகளை லண்டனில் இருந்தபடி எட்வர்டு ஃபோர்ப்ஸ் விவரித்து, அவை டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியக் காலத்தவை என்று சரியாகவே கணித்தார். ஆனால் எது மேலே, எது கீழே என்பதைக் கால்நடையாக வந்து பார்த்தவர்தான் சொல்ல முடிந்தது. பிளான்ஃபோர்டின் குழு சேகரித்தவற்றை அதே துறையின் புதைபடிவ அறிஞர் ஸ்டோலிச்கா ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து இனம் பிரித்து எழுதியது அந்த அடித்தளத்தின் மேல்தான்.

அந்த முதல் அம்மோனைட் இன்றும் என் மேசையில் இருக்கிறது, சீட்டு ஒட்டாமல். உங்களில் யாருக்கேனும் இத்தகைய அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

இரண்டாம் பதிவு: சுரங்கப் பொறியாளர், அரியலூர் மாவட்டம்

நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் வேலை செய்கிறேன். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் கிரிஃபியா என்னும் தடித்த ஓட்டுச் சிப்பிகள் படுக்கை படுக்கையாகக் கிடக்கும். கையால் தோண்டினாலே உதிரும். எங்களுக்கு அதில் தெரிந்ததெல்லாம் கால்சியம் எத்தனை விழுக்காடு, மக்னீசியம் எத்தனை விழுக்காடு என்பதுதான். மக்னீசியம் கூடினால் சிமெண்டுக்கு ஆகாது என்று ஒதுக்கிவிடுவோம்.

ஒருமுறை ஆராய்ச்சி மாணவி ஒருவர் அனுமதி பெற்று வந்தார். கல்லை வெட்டியெடுத்த செங்குத்துச் சுவரான வெட்டுமுகத்தின் முன்னால் ஒரு முழு நாள் கைலென்சோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் மண்வாரி எந்திரம் அடுத்த பெஞ்சில் (படிபோல வெட்டிய சுரங்கத் தளம்) வேலை செய்தது. மாலையில் நான் பொறுமையிழந்து, "இவ்வளவு நேரம் என்ன பார்க்கிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் ஒரு படுக்கையைத் தொட்டுக் காட்டினார்: அங்கே சிப்பிகளின் இரண்டு ஓடுகளும் மூடியபடியே, வாழ்ந்த நிலையிலேயே இருந்தன. அதற்கு ஒரு முழம் மேலே இருந்த படுக்கையில் ஓடுகள் எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து, உடைந்து, விளிம்பு தேய்ந்து கிடந்தன. கீழே இருப்பவை வாழ்ந்த இடத்திலேயே புதையுண்டவை; மேலே இருப்பவற்றை அலைகள் புரட்டியெடுத்துக் கொண்டுவந்து கொட்டியிருக்கின்றன என்றார். எனக்கு இரண்டும் ஒரே கல்தான், இரண்டும் ஒரே கிரஷருக்குத்தான் போகும். அன்றைக்குப் பிறகு வெடி வைப்பதற்கு முன் வெட்டுமுகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சீழ்க்கை ஊதச் சொல்கிறேன். உற்பத்தி ஒன்றும் குறையவில்லை.

மூன்றாம் பதிவு: விவசாயி, பெரம்பலூர் மாவட்டம்

2020-இல் குன்னத்தில் டைனோசர் முட்டை கிடைத்ததாகச் செய்தி பரவியபோது நானும் வண்டி எடுத்துக்கொண்டு போனவன். உருண்டையான பெரிய கற்கள்தான் கிடந்தன, சில பூசணிக்காய் அளவு. கூட்டம் கூடி ஆளுக்கொரு படம் எடுத்தார்கள். பிறகு வல்லுநர்கள் வந்து, அவை முட்டைகள் அல்ல, கடற்படிவில் அம்மோனைட் போன்ற உயிரிகளைச் சுற்றிச் சேறு இறுகி உருண்டு திரண்டவை என்று விளக்கினார்கள். ஏமாற்றம்தான், மறைக்கவில்லை. ஆனாலும் எங்கள் நிலத்தின் அடியில் கடல் இருந்தது என்பது முட்டையைவிடச் சிறிய செய்தி அன்று என்று இப்போது தோன்றுகிறது.

நான்காம் பதிவு: பள்ளி ஆசிரியை, கருடமங்கலம் அருகே

எங்கள் மாமியார் வீட்டு வாசற்படி கருடமங்கலத்துச் சிப்பிக் கல்லால் ஆனது. கரும் பழுப்பு நிறத்தில், குறுக்குவெட்டாக வெண்மையான சிப்பிகளும் நத்தைகளும் நெருக்கமாகத் தெரியும். தேய்த்து மெருகிட்டால் பளிங்குபோல ஆகும் என்பதால் அதைத் திருச்சி மார்பிள் என்றும் சொல்வார்கள். தலைமுறைகளாக மிதித்து மிதித்து நடுப்பகுதி குழிந்துவிட்டது. வகுப்பில் புதைபடிவப் பாடம் நடத்தும்போது பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்து வந்து அந்தப் படியில் உட்கார வைத்துத்தான் சொல்லித் தருகிறேன். இப்போது வீட்டைப் புதுப்பிக்கும்போது படியைப் பெயர்த்து அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா என்று என் கணவர் கேட்கிறார். இது அறிவியலுக்குப் பயன்படுமா?

முதல் பதிவர் மீண்டும்

சுரங்க நண்பர் எழுதியதைப் படித்தபோது அரியலூர் மாவட்டத்துக் கல்லமேடு நினைவுக்கு வந்தது. அரியலூர் தொகுதியின் மேற்பகுதியில், ஆற்றுப் படிவாக அமைந்த மணற்கல்லும் களிமண்ணும் அங்கே இருக்கின்றன. கடல் பின்வாங்கி நிலம் தலைகாட்டிய காலத்தவை. அங்கு கிடைத்த ராட்சத எலும்புகளை யாதகிரியும் அய்யாசாமியும் 1987-இல் புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டு விவரித்தார்கள். ஒரு கால் எலும்பு மட்டும் சுமார் 2 மீட்டர் நீளம். முதலில் ஊன் உண்ணும் டைனோசராகக் கருதப்பட்டு, பின்னர் நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று மாற்றி வகைப்படுத்தப்பட்டது. அந்த எலும்புகள் களத்திலேயே நொறுங்கும் நிலையில் இருந்தன, மழைக்காலத்தில் கரைந்தும் போயின. அது எலும்பே இல்லை, கல்லாகிப்போன மரத்தின் (கல்மரம்) துண்டாக இருக்கலாம் என்றுகூட வாதங்கள் எழுந்தன. 2022-இல் பழைய களப்படங்கள் வெளியான பிறகுதான் அந்த ஐயம் பெரிதும் தணிந்தது. எலும்பு போய்விட்டது, ஆனால் எந்த அடுக்கில் எந்த இடத்தில் கிடந்தது என்ற குறிப்பு இருக்கிறது. ஆகவே அதைப்பற்றி இன்றும் பேச முடிகிறது. என் மேசையில் இருக்கும் கல்லின் நிலை இதற்கு நேர் எதிர். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரத்தைக் கிடந்த இடத்திலேயே வேலி போட்டுக் காத்தது மிகச் சரியான செயல் என்று நான் கருதுவது அதனால்தான்.

அம்மா, உங்கள் படியைப் பற்றி: அது எந்தக் குழியிலிருந்து வெட்டப்பட்டது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது என்பதால், ஆய்வுக்கு அதிகம் பயன்படாது, பிள்ளைகளுக்கு உங்கள் வாசலில் இருப்பதே மேல். பெயர்த்தே ஆக வேண்டுமானால், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்துவிட்டு, அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் கேட்டுப் பாருங்கள். ஆனால் வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போது சிப்பி நிறைந்த அடுக்கு ஏதேனும் தெரிந்தால், கொத்தனாரை ஒரு மணி நேரம் நிறுத்திவைத்து, தரைமட்டத்திலிருந்து எத்தனை அடி ஆழம், மேலும் கீழும் என்ன மண் என்று எழுதிவையுங்கள். முடிந்தால் எனக்கும் சொல்லுங்கள், நாடாவோடு வருகிறேன்.