எழுதியவர் வாய்திறக்கலாமா? ஊர் எழுத்தாளர் வட்டத்தை நடத்தும் முறை பற்றி ஒரு விவாதம்

கரிசல் வாசகர் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை எழுத்தாளர் வட்டம் கூடுகிறது. வருகிறவர்கள் கொண்டுவந்த கவிதையையோ கதையையோ வாசிக்கிறார்கள். வாசித்து முடித்ததும் கைதட்டல், இரண்டு பேர் "அருமை" என்பார்கள், உடனே அடுத்தவர் எழுந்துவிடுவார். இரண்டு மணி நேரத்தில் பதினைந்து பேர் வாசித்தால் ஆளுக்கு எட்டு நிமிடம். வாசிப்புக்கே ஆறு நிமிடம் போய்விடுகிறது. மிச்சமுள்ள இரண்டு நிமிடத்தில் ஒரு கதையைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்? ஆண்டுக்கணக்கில் வருகிறவர்களின் எழுத்தும் வந்த நாளில் இருந்தபடியே இருக்கிறது.

ஆகவே ஒரு மாற்றத்தை முன்வைக்கிறேன். கூட்டத்துக்கு இரண்டு படைப்புகள் போதும். அவற்றின் நகல் ஒரு வாரம் முன்பே உறுப்பினர்களுக்குக் கிடைக்க வேண்டும். படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டு வர வேண்டும். ஒவ்வொருவரும் முறைவைத்து மூன்று நிமிடம் பேசுவார்கள், அதுவரை எழுதியவர் ஒரு சொல்லும் பேசக்கூடாது. எல்லோரும் முடித்த பிறகே அவருக்கு மறுமொழி உரிமை. 1956இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மில்ஃபோர்டு என்ற சிற்றூரில் டேமன் நைட் முதலான அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் கூடியபோது உருவான நடைமுறை இது. 1968இல் தொடங்கிய கிளாரியன் பயிலரங்கமும் இதைத்தான் எடுத்துக்கொண்டது. பன்னிரண்டு உறுப்பினர்கள் என்றால், எழுதியவர் நீங்கலாகப் பதினொரு பேர் பேச, ஒரு படைப்புக்குக் கருத்துரை முப்பத்துமூன்று நிமிடம், மறுமொழியும் பொதுப்பேச்சும் சேர்த்து ஒரு மணி நேரம். அந்த எண்ணிக்கையைத் தாண்டினால் கணக்கு உதைக்கும் என்பதால் உறுப்பினர் தொகையை வரையறுக்கவும் வேண்டும்.

திண்ணைப் பெரியவர்

கணக்கு சரியாக இருக்கிறது, ஆனால் யாருக்காக இந்தக் கணக்கு? நாம் கூடுவது பொது நூலகக் கூடத்தில். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு சேர்த்து வசூலிக்கப்படும் நூலக வரியில் நடக்கிற இடம் அது. அந்தக் கூடத்தில் பன்னிரண்டு பேர் மட்டும் உட்கார்ந்துகொண்டு, பதின்மூன்றாவதாக வருகிற கல்லூரி மாணவனிடம் இடமில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது?

சென்னை கே.கே. நகரில் எழுத்தாளர் ஞாநி தம் வீட்டுக் கிணற்றடியில் நடத்திய கேணிக் கூட்டத்துக்கு உறுப்பினர் அட்டை கிடையாது, மேடை கிடையாது, பொன்னாடை கிடையாது; வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், கேட்டார்கள், கேள்வி எழுப்பினார்கள். கோவில்பட்டியில் தேவதச்சன், கோணங்கி, ச. தமிழ்ச்செல்வன், உதயசங்கர், எஸ். ராமகிருஷ்ணன் என்று இத்தனை எழுத்தாளர்கள் ஒரே ஊர்ப் பேச்சில் வளர்ந்தார்களே, அங்கே யார் கடிகாரம் வைத்து மூன்று நிமிடம் அளந்தார்கள்?

எழுதியவர் பேசக்கூடாது என்பது இன்னும் பெரிய விபரீதம். நம் மரபில் நூல் அரங்கேறியது அவையில். அங்கே தடை எழுப்பினார்கள், நூலாசிரியர் விடை சொன்னார். கந்தபுராணத்தின் முதற்சொல்லான "திகட சக்கர" என்பதிலேயே புணர்ச்சிப் பிழை இருக்கிறது என்று காஞ்சிபுரத்தில் மறித்தார்கள் அல்லவா? விடை சொல்ல வாய்ப்பே தராத அவையை நான் எந்தக் கதையிலும் கேள்விப்பட்டதில்லை.

ஒற்றுப்பிழை

பத்திரிகை அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்தியும் கதைகளைத் தேர்ந்தெடுத்தும் காலம் கழித்தவன் என்ற முறையில் கரிசல் வாசகர் பக்கம் நிற்கிறேன்.

ஐயா எடுத்த எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம். அந்தக் கதையில் கந்தபுராணத்தை எழுதிய கச்சியப்பர் அவையில் வாதாடவில்லை. தடைக்கு விடை தெரியாமல் கலங்கினார். மறுநாள் முருகனே சோழநாட்டுப் புலவர் வடிவில் வீரசோழியம் என்ற இலக்கண நூலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து அதிலிருந்து விதியைக் காட்டினார் என்பதுதான் வழங்கும் கதை. பதில் சொன்னவர் ஆசிரியர் அல்லர். நம் வட்டத்துக்கு அப்படி ஒருவர் வரப்போவதில்லை என்பதால், கதை தன் பக்கங்களைக் கொண்டே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இதழுக்கு வரும் கதையோடு எழுதியவர் கூடவே வந்து உட்கார்ந்து, "இந்த இடத்தில் நான் சொல்ல வந்தது என்னவென்றால்" என்று விளக்குவதில்லை. 1970 முதல் இலக்கியச் சிந்தனை அமைப்பு செய்துவந்ததைப் பாருங்கள். மாதம் ஒருவர், அந்த மாத இதழ்களில் வந்த சிறுகதைகளையெல்லாம் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் தேர்ந்தெடுத்தார் என்று கூட்டத்தில் சொல்வார்; ஆண்டு முடிவில் பன்னிரண்டிலிருந்து ஒன்று தேறும். அந்தத் தேர்வில் எழுதியவரின் விளக்கத்துக்கு இடமில்லை, அச்சான பக்கம் மட்டுமே சாட்சி. நம் கூட்டத்தில் நடப்பது நேர் எதிர். ஒருவர் "முடிவு புரியவில்லை" என்று வாயெடுத்ததும் எழுதியவர் கால் மணி நேரம் முடிவை விளக்குகிறார். விளக்கம் நன்றாகவே இருக்கிறது, ஆனால் அது கதையில் இல்லை. கேட்டவர் மரியாதைக்காகத் தலையாட்டிவிடுகிறார். கதையைத் திருத்த வேண்டிய வேலையை விளக்கம் தின்றுவிடுகிறது.

கோவில்பட்டியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் நாள்தோறும் சந்தித்துக்கொண்ட, ஒரே நூல்களைக் கைமாற்றிப் படித்த நண்பர்கள். மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம் சந்திக்கிற முன்பின் அறியாதவர்களுக்கு அந்தச் சுதந்திரம் வாய்க்காது என்பதால்தான் விதி தேவைப்படுகிறது.

மாலை வகுப்பு

நான் பள்ளி ஆசிரியை. இந்த வட்டத்துக்கு வருகிற பெண்களில் ஒருத்தி என்பதால், இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு பெண் குடும்பத்தைப் பற்றிக் கதை வாசித்தால் முதல் கேள்வி, "இது உங்கள் வீட்டில் நடந்ததா அம்மா?" என்பதாகத்தான் இருக்கிறது. இல்லை என்றால் நம்புவதில்லை. ஆம் என்றால் கதையை விட்டுவிட்டு ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். ஆண் எழுதிய திருட்டுக் கதையைக் கேட்டுவிட்டு "நீங்கள் திருடியிருக்கிறீர்களா?" என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எழுதியவர் பேசக்கூடாது என்ற விதி இருந்தால் அவரிடம் கேள்வியும் கேட்க முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே அதை வரவேற்கிறேன். பெரியவர் வாயடைப்பு என்று நினைப்பது எனக்குப் பாதுகாப்பாகத் தெரிகிறது.

ஆனால் பன்னிரண்டு பேர் என்ற வரையறையை எதிர்க்கிறேன். அந்தப் பன்னிரண்டு பேரை யார் தேர்ந்தெடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். மாதந்தோறும் தவறாமல் வருகிறவர்கள் என்ற அளவுகோலை வைத்தால் வீட்டில் முதியவரையோ குழந்தையையோ பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்கள் முதலில் விழுவார்கள். கூட்டம் ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடிந்தால் கடைசிப் பேருந்தை நம்பியிருக்கும் பக்கத்து ஊர்ப் பெண்கள் அடுத்து விழுவார்கள். உறுப்பினர் விதியை எழுதுவதற்கு முன் கூட்ட நேரத்தை நான்கு மணிக்கு மாற்றுங்கள்.

திண்ணைப் பெரியவர்

அம்மா, அந்தக் கேள்வி அநாகரிகமானது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கேட்டவர்களைத் தடுக்காமல் நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். ஆனால் அந்தக் கேள்வியைத் தடை செய்வதுதானே மருந்து? கேட்டவரை விட்டுவிட்டு, கேட்கப்பட்டவரை வாய்மூடச் சொல்வது நியாயமாகப் படவில்லை. நேரத்தை மாற்றும் யோசனைக்கு என் முழு ஒப்புதல்.

ஓடைப்பட்டிக்காரன்

நான் பேசுவது அடிபட்ட பக்கத்திலிருந்து. வேறொரு நகரத்தில், கரிசல் வாசகர் சொல்லும் இதே முறையில் நடந்த பட்டறை ஒன்றில் என் கதை பேசப்பட்டது. கதை எங்கள் ஊர்ப் பேச்சில் இருந்தது. ஒருவர் பின் ஒருவராகப் பலரும் இந்தச் சொல் புரியவில்லை, அந்தச் சொல்லை மாற்றுங்கள் என்றார்கள். நான் பேசக்கூடாது. முதல் ஆள் சொன்னதையே அடுத்தடுத்தவர்களும் பிடித்துக்கொண்டார்கள். முதலாமவரிடம் அது எங்கள் பக்கம் உழவு வேலையில் வழங்கும் சொல் என்று ஒரு வரி சொல்ல விட்டிருந்தால் மீதி நேரம் கதையைப் பற்றிப் போயிருக்கும். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பொதுத்தமிழாக்கினேன். அந்தக் கதையில் இப்போது யாருமே இல்லை.

கரிசல் வட்டார வழக்குக்கென்று தனியாக ஓர் அகராதியையே கி. ராஜநாராயணன் தொகுத்து வெளியிட வேண்டியிருந்தது என்பதை மறந்துவிட வேண்டாம். பெரும்பான்மைக்குப் புரியாததெல்லாம் கதையின் குறை ஆகிவிடாது. அமெரிக்காவிலேயே இந்தப் பேசாமை விதி சிறுபான்மை எழுத்தாளர்களுக்கு எதிராகத் திரும்புகிறது என்ற குரல்கள் பலமாக எழுந்துள்ளன. அதே நாட்டில் லிஸ் லெர்மன் என்ற நடனக் கலைஞர் வகுத்த வேறொரு முறையும் இருக்கிறது. முதலில் படைப்பு தம்மிடம் என்ன விளைத்தது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அடுத்துப் படைத்தவர் தமக்கு எதில் ஐயமோ அதைக் கேட்கிறார். பிறகு மற்றவர்கள் தீர்ப்பு கலக்காத கேள்விகளைக் கேட்கிறார்கள். கடைசியில், படைத்தவரின் ஒப்புதலைப் பெற்றே கருத்து சொல்கிறார்கள். மில்ஃபோர்டுதான் ஒரே வழி என்பதுபோல் ஏன் பேச வேண்டும்?

கரிசல் வாசகர்

ஓடைப்பட்டியாரே, உங்கள் அனுபவம் என்னை யோசிக்க வைக்கிறது. ஆனாலும் பத்துப் பேருக்கு ஒரு சொல் புரியவில்லை என்று தெரிந்துகொள்வது உங்களுக்குப் பயன்படும் செய்திதான். அதை வைத்துக்கொண்டு சொல்லை மாற்றுவதா, அடுத்த வரியில் பொருள் விளங்கும்படி செய்வதா, அப்படியே விடுவதா என்பது உங்கள் முடிவு. மாற்றச் சொன்னவர்கள் எல்லை மீறினார்கள். எங்கே இடறினோம் என்று சொல்வதோடு வாசகர் வேலை முடிகிறது; எப்படித் திருத்துவது என்பது அவர் வேலை அன்று. இதையும் விதியில் சேர்த்துக்கொள்ளலாம்.

லெர்மன் முறையின் இரண்டாம் படியை மட்டும் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். நகல் கொடுக்கும்போதே, எழுதியவர் மூன்று கேள்விகளைக் கடைசிப் பக்கத்தில் எழுதித் தரட்டும். ஏதேனும் குறிப்பு தர வேண்டுமானால் அதையும் அங்கேயே தரலாம். ஒப்புதல் கேட்டுக் கருத்து சொல்வதெல்லாம் நம் ஊரில் நாடகமாகிவிடும்; "சொல்லலாமா?" என்று கேட்டால் யார்தான் "வேண்டாம்" என்பார்?

ஒற்றுப்பிழை

நகல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தயவுசெய்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பெரும்பாலான சிறுகதைப் போட்டிகளும் இதழ்களும் "வேறெங்கும் வெளிவராதது" என்ற உறுதிமொழியைக் கேட்கின்றன. இணையக் குழுக்களில் வெளியானதையும் சில போட்டிகள் விலக்குகின்றன. குழுவில் போட்ட கோப்பை ஒருவர் நல்லெண்ணத்தோடு இன்னொரு குழுவுக்கு அனுப்பிவிட்டால் முடிந்தது கதை. எழுதிய கணமே பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது, அதற்குப் பதிவு தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த உரிமையை வைத்துக்கொண்டு தெரிந்த மனிதர் மேல் யார் வழக்குப் போடப்போகிறார்கள்? ஒளிநகல் எடுத்து, மேலே எண்ணிட்டுக் கொடுத்து, கூட்டம் முடிந்ததும் ஓரக் குறிப்புகளோடு எழுதியவரிடமே திருப்பித் தந்துவிடலாம். பேசத் தயங்குகிறவர்களின் குறிப்பும் அப்படியே போய்ச் சேரும். என் அனுபவத்தில் மிக நல்ல கருத்துகள் அந்த ஓரங்களில்தான் இருக்கும்.

ஒளிநகல் செலவை எழுதியவர் தலையில் கட்ட வேண்டாம், உண்டியல் வைத்துக்கொள்ளலாம்.

மாலை வகுப்பு

மூன்று நிமிடம் என்ற அளவு எழுதியவரைவிடக் கருத்து சொல்கிறவர்களுக்குத்தான் கட்டாயம் தேவை. நம் வட்டத்தில் ஒருவர் பேசத் தொடங்கினால் தமது ஐந்து நூல்களின் பெயரையும் சொல்லாமல் உட்காரமாட்டார். நேரம் பார்க்கிறவர் ஒவ்வொரு மாதமும் மாற வேண்டும். வயதில் இளையவராக இருந்தாலும் அவர் மணியடித்தால் நிறுத்தியாக வேண்டும்.

கரிசல் வாசகர்

இதுவரை பேசியதை வைத்து என் முன்மொழிவை மாற்றுகிறேன். இரண்டாம் ஞாயிறுக் கூட்டம் இப்போதுபோலவே அனைவருக்கும் திறந்திருக்கட்டும், நான்கு மணிக்குத் தொடங்கட்டும். நான்காம் ஞாயிறு தனியாக ஒரு பட்டறை வைப்போம். அதற்கு உறுப்பினர் பட்டியல் வேண்டாம். நூலகத்தில் வைத்திருக்கும் நகலை முன்கூட்டியே படித்தவர் யாராக இருந்தாலும் வரலாம். படிக்காமல் வந்தவர் உட்கார்ந்து கேட்கலாம், கருத்து சொல்ல முடியாது. எழுதியவர் குறிப்பும் கேள்விகளும் முன்பே எழுதித் தருவார், கருத்துரைகள் முடியும்வரை பேசமாட்டார்.

திண்ணைப் பெரியவர்

கதவைத் திறந்து வைத்ததற்கு நன்றி. ஆனால் இதன் விளைவை யோசித்தீர்களா? கூர்ந்து படிக்கிறவர்கள் எல்லோரும் நான்காம் ஞாயிறுக்குப் போய்விடுவார்கள். இரண்டாம் ஞாயிறில் முதல் கவிதையை நடுங்கும் கையோடு வாசிக்க வருகிற பிள்ளைக்குக் கைதட்டத் தெரிந்தவர்கள் மட்டுமே எஞ்சுவார்கள். நீங்கள் குறை சொன்ன அதே கூட்டம் முன்பைவிட மோசமாகும்.

ஒற்றுப்பிழை

அது நியாயமான அச்சம். பட்டறையில் படைப்பைக் கொடுக்க விரும்புகிறவர் அதற்கு முந்தைய இரண்டு திறந்த கூட்டங்களிலாவது இருந்து, புதிதாக வாசித்தவர் ஒருவரிடமாவது தனியே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும் என்று வைக்கலாமே.

மாலை வகுப்பு

இரண்டு கூட்டம் என்பது என்னைப் போன்றவர்களுக்கு அதிகம். ஒன்று போதும்.

திண்ணைப் பெரியவர்

ஒன்று என்றால் ஒப்புக்கொள்கிறேன். பேசாமை விதியை மட்டும் இன்னும் ஏற்கவில்லை. மூன்று பட்டறைகள் நடந்த பிறகு அதை மறுபடி பொதுவில் பேச வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதிவைக்கச் சொல்கிறேன். முதல் பட்டறைக்கு என் கதையையே தருகிறேன். நேரம் பார்க்கும் பொறுப்பை ஓடைப்பட்டித் தம்பி எடுத்துக்கொள்ளட்டும்.

ஓடைப்பட்டிக்காரன்

எடுத்துக்கொள்கிறேன் ஐயா. நகலை எந்தக் கிழமைக்குள் நூலகத்தில் வைக்க வேண்டும் என்று யாராவது முடிவு செய்து சொல்லுங்கள்.